பக்கத்து வீட்டு முருங்கையும் ஒன்பது இன்ச் சுவரும்

(ஒலிப்பதிவை எழுத்தாக்கி, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல வாடகை அட்வான்ஸ் பத்திப் பேசினதுக்கு நிறைய வாய்ஸ் நோட் வந்திருந்தது. அதுல ஒருத்தர், கோயம்புத்தூர்க்காரர், சம்பந்தமே இல்லாம ஒரு கேள்வி கேட்டிருந்தார். "ப்ரோ, எங்க பக்கத்து வீட்டு மாமரம் எங்க மொட்டை மாடி மேல சாய்ஞ்சிருக்கு. இலை விழுந்து மழைத்தண்ணி பைப் அடைக்குது. சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறாங்க. நானே வெட்டலாமா? சட்டம் என்ன சொல்லுது?"

சட்டம் என்ன சொல்லுதுங்கிறதை ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம். ஆனா நான் போன வருஷம் இதே கேள்விக்குப் பதில் தேடி, கண்டும் பிடிச்சு, அதை அப்படியே செஞ்சும் காட்டினேன். அதுக்கான விலையை நான் கொடுக்கல, எங்க அப்பா அம்மா கொடுத்தாங்க. அதனால இன்னைக்குச் சட்டத்தோட சேர்த்து அந்தக் கதையையும் சொல்றேன். அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

எங்க வீடு திருச்சி, திருவெறும்பூர் பக்கம். அப்பா 1999-ல கட்டினது. அப்போ சுத்தி எல்லாம் காலி மனை, கருவேல முள்ளு. பாம்பு வருதுன்னு அம்மா பயந்ததால, வீட்டு வேலை முடியறதுக்கு முன்னாடியே காம்பவுண்ட் சுவரை எழுப்பிட்டாங்க. கொத்தனார் கயிறு கட்டினார், அப்பா தலையாட்டினார். அவ்வளவுதான் எல்லை நிர்ணயம்.

பத்து வருஷம் கழிச்சுப் பக்கத்து மனையில ஒரு குடும்பம் வீடு கட்டி வந்தாங்க. நான் அத்தை, மாமான்னு கூப்பிடுவேன். அவங்க பையன் என்னைவிட மூணு வயசு மூத்தவர், எனக்கு அண்ணா. தெருவுல ஒண்ணா கிரிக்கெட் ஆடினவங்க நாங்க. அவங்க வந்த முதல் வருஷமே, சுவருக்கு ரெண்டு அடி தள்ளி ஒரு முருங்கைப் போத்தை நட்டாங்க. முருங்கை தெரியும்ல, சாணியை உருட்டித் தலையில வச்சு நட்டா போதும், ரெண்டு வருஷத்துல வீட்டு உயரத்துக்கு நிக்கும்.

அந்தச் சுவர் மேல நடந்த வியாபாரம் ரொம்பப் பெருசு. அங்கிருந்து முருங்கைக்கீரை வரும், இங்கிருந்து கறிவேப்பிலை போகும். தீபாவளிக்கு முறுக்கு, கார்த்திகைக்குப் பொரி. 2011-லிருந்து எங்க வீட்டு ஸ்பேர் சாவி அவங்க வீட்டு ஆணியில தொங்குச்சு, அவங்க சாவி எங்க வீட்டு ஆணியில. இந்தச் சாவியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இப்போ நான் சென்னையில, அண்ணா பெங்களூர்ல. ரெண்டு பேரும் ஐடி. ரெண்டு வீட்லயும் வயசான ரெண்டு ரெண்டு பேர் மட்டும். நாங்க ரெண்டு பேரும் செய்றது ரிமோட் அட்மின் வேலை. ஆளுக்கொரு சிசிடிவி ஆப், கரண்ட் பில், கேஸ் புக்கிங், எல்லாம் போன்லயே. வீட்டுல வாழறது அவங்க, பாஸ்வேர்டு மட்டும் நம்மகிட்ட. இதைக் கேக்குற பாதிப் பேருக்கு இதே கதைதான்னு எனக்குத் தெரியும்.

கம்பளிப்பூச்சி சீசன்

போன நவம்பர்ல மழை பெஞ்சது. மழைக்குப் பின்னாடி முருங்கையில கம்பளிப்பூச்சி வரும். அது ராத்திரியில இலையைத் தின்னும், பகல்ல அடிமரத்துல கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த மயிர் பட்டா அரிப்பும் தடிப்பும்தான். மரத்தோட பெரிய கிளை ஒண்ணு எங்க பக்கம், சரியா துணிக்கொடி மேல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்பா ஒரு நாள் காயப்போட்ட பனியனை எடுத்துப் போட்டுட்டார். முதுகு முழுக்கத் தடிச்சுப்போச்சு, ரெண்டு ராத்திரி தூங்கல.

அம்மா சுவர் ஓரமா நின்னு சொல்லிப் பார்த்தாங்க. அத்தை, "மழை நிக்கட்டும்க்கா, ஆளை வரச் சொல்றேன்"னு சொன்னாங்க. அடுத்த வாரம் அண்ணாவுக்குக் குழந்தை பிறந்தது, அத்தையும் மாமாவும் பெங்களூர் கிளம்பிட்டாங்க. மரம் அப்படியே நின்னுச்சு.

நான் இங்க சென்னையில உக்காந்து தேட ஆரம்பிச்சேன்.

கிடைச்சது இதுதான். நம்ம ஊர்ல சுவர் தாண்டி வர்ற கிளைக்குன்னு தனியா ஒரு சட்டம் கிடையாது. இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்டக் கொள்கையைத்தான் நம்ம நீதிமன்றங்களும் 'தொல்லை'ங்கிற தலைப்புல எடுத்துக்கிட்டாங்க. 1890-கள்ல அங்கே லெம்மன் எதிர் வெப்னு ஒரு வழக்கு. பக்கத்து மனைக்காரர் தன் பக்கம் நீட்டின கிளைகளை முன்னறிவிப்பே கொடுக்காம வெட்டிட்டார். பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. உன் நிலத்துல நின்னு, உன் எல்லை வரைக்கும் வெட்டினா தப்பில்லைன்னு தீர்ப்பு. ஆனா வெட்டின கிளையும் காயும் உனக்குச் சொந்தமில்லை. 1919-ல இன்னொரு வழக்கு, மில்ஸ் எதிர் ப்ரூக்கர். அதுல ஒருத்தர் பக்கத்து வீட்டு மரத்துலேர்ந்து தன் பக்கம் தொங்கின ஆப்பிளைப் பறிச்சு வித்துட்டார். அந்தப் பணத்தை மரத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

இதைப் படிச்சதும் எனக்குப் பயங்கர திருப்தி. ஒரு பக்'குக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுல பச்சை டிக் போட்ட பதில் கிடைச்ச மாதிரி. எனக்கு உரிமை இருக்கு, நோட்டீஸ்கூடத் தேவையில்ல. ஒரு மரம் வெட்டுற அண்ணன் நம்பர் வாங்கி, ஜிபே பண்ணி, சனிக்கிழமை காலையில ஆளை அனுப்பிட்டேன். அம்மா போன்ல, "அவங்க வரட்டும்டா"ன்னாங்க. "அம்மா, சட்டப்படி நம்ம பக்கம்தான் வெட்டறோம், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டேன்.

சிசிடிவியில பார்த்துக்கிட்டே இருந்தேன். சுவருக்கு நேரா, மட்டம் பார்த்து வெட்டினார். சுத்தமான வேலைன்னுதான் நினைச்சேன்.

முருங்கை பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணு இருந்துச்சு. அது ரொம்ப மென்மையான மரம். பெரிய கிளையைக் கீழேர்ந்து ஒரு வெட்டுக் கொடுக்காம மேலேர்ந்து மட்டும் அறுத்தா, பாதியிலேயே பாரம் தாங்காம முறிஞ்சு, பட்டை அடிமரம் வரைக்கும் கிழிஞ்சுக்கிட்டுப் போகும். அதான் நடந்துச்சு. எங்க பக்கப் பாரம் முழுசாப் போய்டுச்சு, மீதி மரம் அவங்க பக்கமாச் சாய்ஞ்சு நின்னுச்சு. பத்து நாள் கழிச்சு அடுத்த மழையில அந்த மீதியும் விழுந்து, அவங்க பின்பக்கக் குளியலறையோட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைஞ்சது. மூணு அடிக் கட்டைதான் மிச்சம்.

சாவி

அத்தையும் மாமாவும் டிசம்பர்ல திரும்பி வந்தாங்க. பின்பக்கம் போய்ப் பார்த்திருக்காங்க. சண்டை போடல, கத்தல. அத்தை நேரா எங்க வீட்டுக்கு வந்து, எங்க சாவியை அம்மா கையில கொடுத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. எங்க சாவியையும் கொடுத்துடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போய்ட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி அம்மா போன் பண்ணாங்க. மரத்தைப் பத்தியோ ஷீட்டைப் பத்தியோ ஒரு வார்த்தை பேசல. "சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்கடா"ன்னு மட்டும் சொன்னாங்க. நான் ஷீட்டுக்குக் காசு கொடுத்துடலாம்மான்னு சொன்னேன். அம்மா போனை அப்பாகிட்ட கொடுத்துட்டாங்க.

இந்தப் பக்கம் பசங்க வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சோம். அண்ணா உடைஞ்ச ஷீட் போட்டோ அனுப்பினார். நான் லெம்மன் எதிர் வெப் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். நிஜமாவே அனுப்பினேங்க. இப்போ நினைச்சா கூசுது. அவர், "ஆள் இல்லாத நேரத்துல வெட்டினது எந்தச் செக்‌ஷன்?"னு கேட்டார். நான் அப்பா முதுகுத் தடிப்பு போட்டோ அனுப்பினேன். கடைசியா அவர், "எல்லை வரைக்கும்தான் வெட்டினேங்கிற இல்ல, அந்த எல்லை எங்க இருக்குன்னு அளந்துருவோம்"னு எழுதி, சர்வேக்கு விண்ணப்பமும் போட்டுட்டார். 300 கிலோமீட்டருக்கு மேல தள்ளி உக்காந்திருந்த ரெண்டு பேர், தினமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்குற நாலு பேருக்காக நடத்தின சண்டை அது.

ஜனவரியில ஒரு நாள். காலையில பத்து மணி ஸ்டாண்ட்அப் மீட்டிங். போன்ல சிசிடிவி அலர்ட் வந்துச்சு, 'வாசலில் ஆள் நடமாட்டம்'னு. திறந்து பார்த்தா அப்பா. வாசப்படியில உக்காந்திருக்கார். அம்மா தஞ்சாவூர்ல சித்தி வீட்டுக்குப் போயிருந்தாங்க. அப்பா பால் வாங்க வெளிய வந்திருக்கார், கதவு காத்துல சாத்தி லாக் ஆகிடுச்சு. நான் வச்சுக் கொடுத்த ஆட்டோ லாக் அது. போனும் உள்ளயே மாட்டிக்கிச்சு.

முன்னாடின்னா நேரா பக்கத்து வீட்டுக்குப் போய் சாவி வாங்கியிருப்பார். ஒரு காபியும் குடிச்சுட்டு வந்திருப்பார். அன்னைக்கு அம்மா பஸ் பிடிச்சு வர்ற வரைக்கும், கிட்டத்தட்ட மூணு மணி நேரம், பால் பாக்கெட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்திருந்தார். நான் 11 மணிக்கு ஒரு தடவை, 12 மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். கேமராவுல பேசுற வசதியும் இருக்கு. பேசினேன், "என்னப்பா, பக்கத்துல யார் வீட்லயாவது போய் இருக்கலாம்ல?"னு. கேமராவை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்துட்டு, "பரவாயில்லடா, நீ வேலையைப் பாரு"ன்னார்.

நான் ஜெயிச்சது என்னன்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சது.

அளந்த நாள்

பிப்ரவரியில சர்வேயர் வர்ற தேதி சொல்லி நோட்டீஸ் வந்தது. நான் லீவு போட்டுக் கிளம்பினேன். போறதுக்கு முன்னாடி நம்ம புத்தியைக் காட்டணும்ல, அதனால ஆன்லைன்ல புல வரைபடம், அதாவது எஃப்எம்பி, டவுன்லோட் பண்ணினேன். தமிழ்நாடு அரசோட இ-சேவைத் தளத்துல மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் கொடுத்தா பட்டாவோட சேர்த்து வந்துடும். அதை போன்ல பெருசாக்கி, ஜிபிஎஸ் ஆப் வச்சு நானே அளந்து பார்த்தேன். நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு நம்பிக்கை வந்துச்சு.

இதை யாரும் செய்யாதீங்க. கணக்கு சொல்றேன். வரைபடம் 1:2000 அளவுல இருக்குன்னு வைங்க. நிலத்துல இருக்கிற 9 இன்ச், அதாவது 23 சென்டிமீட்டர், தாள்ல 0.12 மில்லிமீட்டர்கூட வராது. கோடு போட்ட மையே அதைவிடத் தடிமன். செல்போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளிக் காட்டும். நம்ம சண்டை 9 இன்ச்சுக்கு, நம்ம கருவியோட பிழை 16 அடி. ஒரு ப்ரொடக்‌ஷன் சர்வர்ல இப்படி அளந்தேன்னா என்னை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க.

சர்வேயர் அப்படி அளக்கல. முதல்ல பழைய எல்லைக் கல்லைத் தேடினார். ஒரு கல் தெருமுனையில கிடைச்சது. அங்கிருந்து வரைபடத்துல இருக்கிற நீளங்களை வச்சுக் குறுக்கும் நெடுக்குமா டேப் பிடிச்சார். பின்பக்கக் கல் எங்க இருக்கணும்னு கணக்குப் போட்டு, எங்க வீட்டுச் செம்பருத்திச் செடிக்கு அடியில தோண்டச் சொன்னார். ஒரு அடி ஆழத்துல கல் இருந்துச்சு. எங்க சுவருக்கு உள்பக்கம்.

முன்பக்கம் சுவர் சரியா எல்லை மேல நிக்குது. பின்னாடி போகப் போக விலகி, கடைசியில 9 இன்ச் அவங்க மனைக்குள்ள போயிருக்கு. 60 அடி நீளச் சுவர். அந்த முக்கோணத்தைக் கணக்குப் போட்டா இருபத்திரண்டரை சதுர அடி. ஒரு ஒத்தைக் கட்டில் போடுற இடம். 1999-ல கொத்தனார் கட்டின கயிறு அது.

இன்னொண்ணையும் கவனிச்சீங்களா? நான் சுவருக்கு நேரா, எல்லையில வெட்டினேன்னு நினைச்சேன்ல? சுவர் எல்லையே இல்ல. சட்டம் கொடுத்த உரிமையைத் தாண்டி, அவங்க மனைக்குள்ள இருந்த கிளையை வெட்டியிருக்கேன். எந்தத் தீர்ப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேனோ, அதே தீர்ப்புப்படி தப்பு என் மேல.

அப்பவும் என் மூளை அடங்கல. அடுத்த ரெண்டாவது நிமிஷம் அப்பா காதுல போய்ச் சொன்னேன், "அப்பா, கவலைப்படாதீங்க, 12 வருஷம் தாண்டிடுச்சு". 1963-ஆம் வருஷத்து காலவரையறைச் சட்டத்துல, ஒருத்தர் இடத்தை இன்னொருத்தர் வெளிப்படையா, உரிமையாளருக்கு எதிரா 12 வருஷம் தொடர்ந்து வச்சிருந்தா, உரிமையாளர் அதைக் கேட்டு வழக்குப் போட முடியாமப் போகலாம். எதிரிடை அனுபோகம்னு சொல்லுவாங்க. நிரூபிக்கிறது ஒண்ணும் லேசில்ல. தெரியாம சுவரைத் தள்ளிக் கட்டினதுக்கெல்லாம் அது தானா வந்துடாது. ஆனா கோர்ட்டுல பத்து வருஷம் இழுக்க அது போதும்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "டேய், அடுத்தவன் மண்ணு ஒன்பது இன்ச்சை வச்சு நான் என்னடா பண்ணப் போறேன்?" அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் மாமாகிட்ட போய், "தப்பு எங்களுதுங்க. சுவரை இடிச்சுக் கட்டித் தந்துடறேன்"னார். மாமா எதுவும் பேசாம கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்துட்டு, "அதெல்லாம் எதுக்கு சார். நின்னது நிக்கட்டும்"னார். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் பேசின முதல் பேச்சு அது.

அன்னைக்குச் சாயங்காலம் நான் அண்ணாவுக்குப் போன் பண்ணினேன். மெசேஜ் இல்ல, போன். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. "அண்ணா, அவங்க வர்ற வரைக்கும் நான் காத்திருக்கணும். தப்புதான்"னு சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் அமைதியா இருந்துட்டு, "நானும் ஆளைச் சொல்லி அனுப்பியிருக்கணும்டா. அப்பவே அம்மா சொன்னாங்க, குழந்தை வந்த அவசரத்துல மறந்துட்டேன்"னார். மூணு மாசமா நாங்க ரெண்டு பேரும் டைப் பண்ணினதுல இந்த ரெண்டு வரி எங்கயுமே இல்ல.

என்ன எழுதினோம்

ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு குடும்பமும் கையெழுத்துப் போட்டோம். ஒரு வக்கீல்கிட்ட காட்டி, முத்திரைத்தாளில் எழுதினோம். நாலு விஷயம்.

ஒண்ணு: சுவர் எல்லை இல்ல, கல்தான் எல்லை. அந்த முக்கோணம் அவங்களோடது, அவங்க அனுமதியோட நாங்க வச்சிருக்கோம். அனுமதியோட இருக்கிற இடத்துல எதிரிடை அனுபோகம் பேச முடியாது. நாளைக்கு நானோ, அண்ணாவோட பையனோ வீட்டை வித்தாலும் இந்தக் கேள்வி திரும்ப வராது.

ரெண்டு: சுவரை எப்போ திரும்பக் கட்டினாலும் கல் மேல கட்டணும்.

மூணு: ஷீட் செலவு எங்களோடது.

நாலு: முருங்கையை வருஷா வருஷம் ஆனி மாசக் கடைசியில கழிச்சு விடணும், ஆள் கூலி பாதிப் பாதி. ஏன் ஆனின்னா, அதுக்குள்ள காய்ப்பு ஓய்ஞ்சிருக்கும், ஆடிக்காத்து இன்னும் வந்திருக்காது. காத்துல ஒடியறதுக்கு முன்னாடி நாமளே குறைச்சு விட்டா, கூரைக்கும் ஆபத்தில்ல, மழைக்கு முன்னாடி புதுக் கிளையும் வந்துடும். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்னு பழமொழி இருக்கே. அதுல பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்னு வர்ற பாதியை விட்டுட்டு, இந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கோங்க. கம்பளிப்பூச்சிக்கும் தீர்வு இருக்கு. பகல்ல அடிமரத்துல மொத்தமா ஒட்டிக்கிட்டு இருக்கும்னு சொன்னேன்ல, அப்போ தீப்பந்தம் காட்டியே அழிச்சுடலாம். விவசாயிகள் எப்பவும் செய்றது. இது போன நவம்பர்லயே எனக்குத் தெரிஞ்சிருந்தா, கிளை மேல கையே வைக்க வேண்டியிருந்திருக்காது.

கோயம்புத்தூர் நண்பருக்கு

இப்போ உங்க மாமரத்துக்கு வர்றேன். வெட்டலாமான்னு கேட்டீங்க. உங்க நிலத்துல நின்னு, உங்க எல்லைக்குள்ள வந்த கிளையை வெட்டற உரிமை உங்களுக்கு இருக்கு. ஆனா உங்க எல்லை எங்க இருக்குன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? சுவரைக் காட்டாதீங்க, கல்லைக் காட்டுங்க. தெரியலைன்னா, ரெண்டு வீடும் சேர்ந்தே அளக்க விண்ணப்பம் போடுங்க. ஒருத்தர் மட்டும் போட்டா அது சண்டைக்கு அழைக்கிற மாதிரி. சேர்ந்து போட்டா வெறும் வேலை.

அடுத்தது, எப்போ கேக்குறீங்கங்கிறது. தை மாசம் பூ நிறைஞ்சு நிக்கிற மாமரத்தை வெட்டச் சொன்னா எந்த வீட்லயும் ஒத்துக்க மாட்டாங்க. பழம் முடிஞ்சு, ஜூன், ஜூலையில கேளுங்க. மாமரத்தைக் கழிச்சு விடற காலமே அதுதான், மரத்துக்கும் அது நல்லது. 'வெட்டுங்க'ன்னு சொல்லாம, 'இந்த வருஷம் கழிக்க ஆள் வரும்போது எங்க பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க, பாதிக் கூலி நான் தர்றேன்'னு சொல்லிப் பாருங்க.

மரம் பட்டுப்போய், விழுந்து ஆளைச் சாய்க்கிற நிலைமையில இருந்தா அது வேற கதை. அதுக்கு நேரடியா வழி இருக்கு. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-வது பிரிவுன்னு இருந்தது, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவுல 152-வது பிரிவு. விழுற மாதிரி நிக்கிற மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவு போடற அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. நடைமுறையில ஆர்டிஓ ஆபீஸ்ல மனு கொடுங்க, போட்டோவோட.

பேசியும் நடக்கலைன்னா, வழக்குக்கு முன்னாடி உங்க வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்க. பெரும்பாலும் கோர்ட் வளாகத்துலயே இருக்கும். வழக்குப் போடாமலே லோக் அதாலத்துக்கு அனுப்ப முடியும், கோர்ட் கட்டணம் கிடையாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதினா அது கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும், மேல்முறையீடும் கிடையாது. உங்க அம்மா பேர்ல வீடு இருந்தா, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச சட்ட உதவியும் உண்டு.

இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. நீங்க அந்த வீட்லதான் இருக்கீங்களா, இல்ல என்னை மாதிரி ரிமோட்டா? ரிமோட்னா, முதல்ல வீட்ல இருக்கிறவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க. 'உனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பு முடியலைன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுவ?' அவங்க சொல்ற வீடு அந்த மாமரத்து வீடா இருந்தா, அந்தப் பைப்புக்கு ஒரு வலை வாங்கி மாட்டிட்டு, ஜூன் வரைக்கும் பொறுங்க. மொட்டை மாடி பைப் வாயில மாட்டற இலை வலை எந்த ஹார்டுவேர் கடையிலயும் கிடைக்கும்.

எங்க வீட்டு நிலவரம்? முருங்கைக் கட்டை துளிர்த்து, இப்போ நாலா பக்கமும் கிளை விட்டிருக்கு. போன மாசம் ஆனி கடைசியில முதல் தடவையா கழிச்சு விட்டோம். ஆள் வந்த அன்னைக்கு அண்ணாவும் நானும் லீவு போட்டு ஊர்ல இருந்தோம். எனக்கு மரம் வெட்டத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும், அதனால ஏணி பிடிச்சேன். அப்பா ஒரு போத்தைக் கேட்டு வாங்கி, எங்க பக்கம் கல்லுக்கு நாலு அடி தள்ளி நட்டிருக்கார். டேப் வச்சு அளந்து நட்டார்.

போன வாரம் அம்மா சொன்னாங்க, சுவர் மேல ஒரு கட்டுக் கீரை இருந்துச்சாம். யாரும் கூப்பிடல, வச்சுட்டுப் போயிருக்காங்க. அம்மா பதிலுக்குக் கறிவேப்பிலை வச்சிருக்காங்க.

சாவி இன்னும் எங்க வீட்ல தான் இருக்கு. நானே எடுத்துட்டுப் போய்க் கொடுக்கட்டுமான்னு அம்மாகிட்ட கேட்டேன். "நீ இதுல தலையிடாத. அவங்களாக் கேக்கட்டும்"னாங்க. சரின்னு விட்டுட்டேன். ஆட்டோ லாக்கை மட்டும் கழட்டிட்டு, சாதாரண பூட்டு மாட்டிட்டு வந்தேன்.

அவ்வளவுதான் இன்னைக்கு. உங்க வீட்ல மரச் சண்டை, சுவர்ச் சண்டை, சாக்கடைச் சண்டை எது நடந்தாலும் வாய்ஸ் நோட் அனுப்புங்க. முடிஞ்ச சண்டைன்னா எப்படி முடிஞ்சதுன்னும் சொல்லுங்க, அது மத்தவங்களுக்கு உபயோகமா இருக்கும். அடுத்த வாரம் பார்ப்போம்.